பகல் வெயிலுக்கு இரவில் எரியும் நிலக்கரி

விடியற்காலை மூன்று மணிக்கு மலேசியாவின் கிள்ளானில் வீட்டுக்கு வெளியே காற்றின் வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆண்டின் பெரும்பாலான இரவுகளில் இதுதான் நிலை. அதே நேரத்தில் தாமான் குடியிருப்பு வீடுகளின் மாடி அறைகளில் ஏர்கோன் 20இலோ 22இலோ ஓடிக்கொண்டிருக்கும். சன்னலைத் திறக்காமல் அதை அணைத்தால், சற்று நேரத்தில் அறை 29, 30 டிகிரிக்கு ஏறிவிடும். வெளியே சூரியன் இல்லை, உள்ளே அடுப்பும் இல்லை. அந்த நான்கைந்து டிகிரி எங்கிருந்து வருகிறது?

நேற்றைய வெயிலிலிருந்துதான் வருகிறது. காலையிலிருந்து மாலை வரை கூரை ஓடும் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் குடித்துவைத்த வெப்பம், இரவு முழுக்கச் சிறுகச் சிறுக அறைக்குள் இறங்குகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு குடும்பத்தின் கார்பன் கணக்கைக் குறைக்க நினைத்தால், பேச்சை இங்கேதான் தொடங்க வேண்டும். இரவில் ஓடும் இயந்திரத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதற்கு வேலை வைக்கும் பகலைப் பற்றிப் பேசுவது குறைவு.

வீட்டுக் கார்பனைப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. பிரிட்டனில் வீட்டைச் சூடேற்றும் எரிவாயுக் கொதிகலன்களை எப்படி மாற்றுவது, சுவருக்குள் என்ன அடைப்பது என்றே அவை பேசும். நம் வீடுகளில் சூடேற்றும் கருவி என்று இருப்பது குளியலறை வாட்டர் ஹீட்டர் ஒன்றுதான். ஓடும்போது மூன்றரை கிலோவாட் வரை அது இழுக்கும். ஆனால் பத்து நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட்தான் ஆகும். இரவெல்லாம் ஓடுவது ஏர்கோன்.

ஆனாலும் குளிர்நாட்டாரின் அனுபவத்தில் நமக்குப் பாடம் உண்டு. நார்வேயில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டுக் கட்டடங்களைச் சூடாக வைத்திருப்பது வெப்ப ஏற்றி என்ற இயந்திரம். அது வேறொன்றும் இல்லை, நம் ஏர்கோனேதான். இரண்டிலும் ஒரு வாயு சுருளுக்குள் சுற்றி வருகிறது. ஒரு பக்கம் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும், மறுபக்கம் அழுத்தப்பட்டுத் திரவமாகி அந்த வெப்பத்தைக் கக்கும். ஆஸ்லோவில் வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறது, கிள்ளானில் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தைச் செலவழித்து மூன்று யூனிட்டுக்கும் மேலான வெப்பத்தை இடம் மாற்றுவதால், இது உண்மையிலேயே திறமையான இயந்திரம். எனவே ஆஸ்லோவிலும் கிள்ளானிலும் கேள்வி ஒன்றுதான்: இடம் மாற்ற வேண்டிய வெப்பம் எவ்வளவு? ஆஸ்லோக்காரர் வெப்பம் வெளியே போகாமல் வீட்டைப் போர்த்திவிட்டு இயந்திரத்தை மாட்டுகிறார். நாம் வெப்பம் உள்ளே வரும் வழியையெல்லாம் திறந்து வைத்துவிட்டு மாட்டுகிறோம்.

அந்த இயந்திரத்துக்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கிள்ளான்வாசிகள் தொலைவு போக வேண்டியதில்லை. காப்பாரில், கடலோரத்தில் நிற்கும் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் ஊருக்கே தெரிந்தவை. 1980களில் இயங்கத் தொடங்கிய அது படிப்படியாக விரிந்து, 2,420 மெகாவாட் வரை திறன் கொண்ட நிலையமாக வளர்ந்தது. இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வரும் நிலக்கரிதான் தீபகற்ப மலேசிய மின்சாரத்தின் முதுகெலும்பு. எரிவாயு அதற்குத் துணை. இந்த மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

ஒரு குதிரைச்சக்தி ஏர்கோன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 700, 800 வாட் இழுத்து, அறை குளிர்ந்தபின் குறையும். சராசரியாக மணிக்கு 0.6 யூனிட் என்று வைத்தால், எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 5 யூனிட். மாதத்துக்கு 150 யூனிட், ஏறத்தாழ 110 கிலோ கரியமில வாயு. ஓராண்டுக்கு 1.3 டன். இது சுமார் 570 லிட்டர் பெட்ரோல் எரித்தால் வரும் அளவு. அந்த 5 யூனிட்டும் நிலக்கரியிலிருந்தே வந்தால், ஒரு படுக்கையறையின் ஓர் இரவுத் தூக்கத்துக்காகக் காப்பாரில் இரண்டு, இரண்டரை கிலோ நிலக்கரி எரிய வேண்டும். மூன்று அறைகளில் ஏர்கோன் ஓடும் வீடு என்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அது இரவு மின்சாரம் என்பதையும் மறக்கக் கூடாது. 2023இல் அரசு வெளியிட்ட தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம், 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க வழிகளுக்கு மாற்ற இலக்கு வைத்திருக்கிறது. அதில் பெரும்பங்கு சூரிய மின்சாரம். கூரையில் சோலார் தகடு பொருத்திய வீடுகள் கிள்ளான் தாமான்களில் பெருகி வருவது நல்ல செய்தி. ஆனால் பகல் நேரத்து மின்சாரத்தைச் சுத்தமாக்குவது எளிது, இரவு நேரத்தது கடினம். பெரிய அளவில் மின்கலங்கள் வரும்வரை, சூரியன் மறைந்தபின் இரவுச் சுமையில் பெரும்பகுதி நிலக்கரிமீதும் எரிவாயுமீதும்தான் விழும். அதனால் இரவில் தேவைப்படாமல் போகும் ஒரு யூனிட்டுக்கு மதிப்பு அதிகம்.

இனிக் கூரைக்கு வருவோம்.

கிள்ளான் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று டிகிரியில் இருக்கிறது. மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஐரோப்பாவில் தாழ்ந்து நிற்கும் சூரியன் சுவரையும் சன்னலையும் தாக்கும். இங்கே அடி முழுவதும் கூரைக்கு. இருபதடி அகலமும் நாற்பதடி நீளமும் உள்ள டெரஸ் வீட்டுக் கூரையின் பரப்பு ஏறத்தாழ 74 சதுர மீட்டர். மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டருக்கு 900 வாட் அளவில் வெயில் விழும். கூட்டினால் 65 கிலோவாட்டுக்கும் மேல். ஒரு குதிரைச்சக்தி ஏர்கோன் அறையிலிருந்து அகற்றக்கூடிய வெப்பமோ 2.6 கிலோவாட்தான். கூரைமேல் விழும் வெயிலில் இருபதில் ஒரு பங்கு வீட்டுக்குள் இறங்கினாலே ஓர் ஏர்கோனின் முழுச் சக்தியும் அதற்கே சரியாகிவிடும்.

இதை அளக்கக் கருவி வேண்டாம். நல்ல வெயிலடித்த நாளில் இரவு ஒன்பது மணிக்கு உறுதியான நாற்காலியில் ஏறி, மாடி அறையின் சீலிங்கில் உள்ளங்கையை வையுங்கள். பிறகு கீழே வந்து, வெயில் படாத உள்சுவர் ஒன்றில் அதே கையை வையுங்கள். பழைய வீடாக, கூரைக்கடியில் எந்தத் தடுப்பும் இல்லாததாக இருந்தால், சீலிங் வெதுவெதுவென்று இருக்கும். அந்தச் சூடு கண்ணுக்குத் தெரியாத கதிராக உங்கள் உடம்பின்மீது இறங்கிக்கொண்டே இருக்கிறது. உடம்பு உணரும் சூட்டில் காற்றுக்கு எவ்வளவு பங்கோ, சுற்றியுள்ள பரப்புகள் வீசும் கதிர்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு பங்கு உண்டு. காற்று 24 டிகிரியாக இருந்தும் சீலிங் கொதித்தால் புழுங்கும். அதனால்தான் பலர் ரிமோட்டை 18 வரை இறக்குகிறார்கள். கூரையின் குற்றத்துக்கு ஏர்கோனைத் தண்டிக்கிறோம்.

இதற்கான மருந்து விலை உயர்ந்ததும் இல்லை, புதியதும் இல்லை. வெயிலில் காய்ந்த கான்கிரீட் ஓட்டின் அடிப்பக்கம் தன் வெப்பநிலைக்கு வீசக்கூடிய கதிரில் தொண்ணூறு விழுக்காட்டைக் கீழே வீசும். பளபளப்பான அலுமினியத் தாள் ஐந்து விழுக்காடு அளவே வீசும். எனவே ஓட்டுக்கு அடியில் காற்றிடைவெளி விட்டு அலுமினியத் தாளை விரித்தால், இறங்கும் கதிர்வெப்பத்தின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். இடைவெளி முக்கியம். தாள் ஓட்டோடு ஒட்டிக் கிடந்தால் வெப்பம் தொட்டுக் கடந்துவிடும். சீலிங்குக்கு மேலே கண்ணாடிப் பஞ்சோ பாறைப் பஞ்சோ பரப்பினால் மிச்சத்தையும் தடுக்கலாம். கூரைக்கு வெளிர் நிறம் பூசுவது இன்னொரு வழி. 2012இல் திருத்தப்பட்ட கட்டடத் துணைச்சட்டங்கள், புதுக் கட்டடங்களின் கூரை வழியாக வெப்பம் புகும் அளவுக்கு வரம்பு விதித்திருக்கின்றன. ஆனால் கிள்ளானில் நம்மவர் குடியிருக்கும் தாமான்களில் மிகப் பல அதற்கு முன்பே எழுந்தவை. அந்தக் கூரைகளை எந்தச் சட்டமும் தொடவில்லை.

இந்த வீடுகளுக்கு நாம் எங்கிருந்து வந்தோம் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களைக் கேட்டால், அங்கே ஏர்கோன் இல்லாமலேயே தூங்கியதைச் சொல்வார்கள். லயத்து வாழ்க்கையை அழகாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. இடம் போதாது, ஒழுகும், தகரக் கூரையடியில் மதியம் உட்கார முடியாது. ஆனால் தகரமும் பலகையும் மெல்லியவை, வெப்பத்தைச் சேமித்து வைக்கத் தெரியாதவை. சூரியன் சாய்ந்த சற்று நேரத்தில் அவை ஆறிவிடும். சுற்றிலும் ரப்பர் மரங்கள் நின்றதால் தரையும் சூடேறியிருக்காது. செங்கல்லும் கான்கிரீட்டும் நேரெதிர். பகலில் மெதுவாகச் சூடேறி, இரவில் மெதுவாகவே ஆறும். கான்கிரீட் வீட்டுக்கு வந்தபோது நம் பழக்கங்களும் மாறியிருக்க வேண்டும். அதைச் சொல்லித்தர அன்று யாரும் இல்லை.

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய கடைவீடுகளைக் கவனியுங்கள். அவையும் கனத்த செங்கல் சுவர்கள்தான். ஆனால் முகப்பில் அஞ்சடி என்ற கூரையுள்ள நடைபாதை இருப்பதால் கீழ்த்தளச் சுவரில் வெயில் படுவதில்லை. சீலிங் உயரம். நீண்ட கடைவீடுகளின் நடுவே வானம் பார்த்த முற்றம் விடுவது அன்றைய வழக்கம். சூடான காற்று அதன் வழியே மேலேறும், தெருப்பக்கக் காற்று உள்ளே வரும். டெரஸ் வீடும் அதே போல நீளமானது, இருபக்கமும் அண்டை வீட்டுச் சுவர். காற்று வர முன்வாசல், போகப் பின்வாசல், அவ்வளவே. அந்தப் பின்வாசலைத்தான் நாம் முதலில் அடைக்கிறோம். சமையலறையைப் பின்சந்து வரை நீட்டி, மேலே கூரை போட்டு மூடிவிடுகிறோம். குடும்பம் பெருகும்போது இடம் தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் நீட்டும்போதே உயரத்தில் காற்றுத் துளைகள் வைத்துக் கட்டச் சொன்னால், கொத்தனாருக்குக் கூடுதல் வேலை அரை நாள்கூட ஆகாது. வைக்காமல் விட்டால் நடு அறை நிரந்தரமாகப் புழுங்கும். முன்பக்கத்துப் புல்லைக் கொத்தி எடுத்து சிமென்ட் போடுவதும், நிழல் தந்த மாமரத்தை இலைக்குப்பை என்று வெட்டுவதும் இதன் தொடர்ச்சிதான். இப்படி ஒரு தாமான் முழுக்கச் செய்யும்போது ஊரே சூடாகிறது. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா வட்டாரத்தில் நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை மலேசியத் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷாம் சானி 1970களிலேயே ஆராயத் தொடங்கிவிட்டார்.

பழக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் தெட்சு குபோத்தா, மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஜொகூர் பாருவின் டெரஸ் வீடுகளில் நடத்திய அளவீடுகளை 2009இல் வெளியிட்டார். மக்கள் பகலில் சன்னலைத் திறந்து வைக்கிறார்கள், இரவில் மூடிவிடுகிறார்கள் என்று கண்டார்கள். வெளிக்காற்று 33 டிகிரியாக இருக்கும்போது வரவேற்று, 25க்கு வரும்போது கதவடைக்கிறோம்! இதைத் தலைகீழாக்கி, பகலில் மூடி இரவில் திறந்தபோது, வீட்டுக்குள் பகல் உச்ச வெப்பநிலை 2.5 டிகிரியும் இரவு வெப்பநிலை சராசரியாக 2 டிகிரியும் குறைந்தன. இரவுக் காற்று சுவரையும் தளத்தையும் ஆற்றிவிடுவதால், மறுநாள் வெயிலை அவை புதிதாகக் குடிக்கத் தொடங்குகின்றன.

மக்கள் இரவில் சன்னலை மூடுவது அறியாமையால் நடப்பதில்லை. திருடர் பயம் உண்டு. கொசு உண்டு, டெங்கிக் காய்ச்சலில் சிலாங்கூர் நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கும் மாநிலம். இரும்புக் கிரில் ஏற்கெனவே பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. அதன் உட்புறம் கழற்றிக் கழுவக்கூடிய கொசுவலைச் சட்டத்தைப் பொருத்தினால் இரண்டு கவலைகளும் பெரும்பாலும் தீரும். புகைமூட்டத்துக்கு மட்டும் இதில் விடையில்லை. 2005 ஆகஸ்டில் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டிப் போர்ட் கிள்ளானில் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை ஊரில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வாரங்களில் சன்னலை மூடி ஏர்கோன் போடுவதுதான் சரி. கைக்குழந்தையும் நோயாளியும் முதியவரும் இருக்கும் அறையிலும் அப்படியே. யாரையும் புழுக்கத்தில் கிடக்கச் சொல்வது என் நோக்கமில்லை.

இரவுக் காற்று குளிர்ந்தாலும் ஈரமானது என்பது இன்னொரு சிக்கல். 1902இல் அமெரிக்காவின் வில்லிஸ் கேரியர் முதல் நவீன ஏர்கோனை வடிவமைத்ததே புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தத்தான். ஈரத்தில் தாள் விரிந்து, அடுத்தடுத்து ஏறும் வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போயின. நம் வீட்டு ஏர்கோனும் காற்றைக் குளிர்விப்பதோடு நீரையும் பிழிகிறது. அதன் வடிகுழாய்க்கடியில் ஓர் இரவு வாளி ஒன்றை வைத்துப் பாருங்கள். சேரும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ 0.7 யூனிட் வெப்பத்தை அது அகற்றியிருக்கிறது, அதற்கு 0.2 யூனிட் மின்சாரம் ஆகியிருக்கிறது. கதவிடுக்கு வழியாக ஈரக்காற்று வரும்வரை இந்தப் பிழிதல் நிற்காது. ஏர்கோன் போட்டால் இடுக்குகளை நன்றாக அடையுங்கள். போடாத நேரத்தில் நன்றாகத் திறந்து வையுங்கள். பாதி திறந்த அறையில் ஏர்கோன் ஓடுவதைவிடப் பெரிய விரயம் இல்லை.

காற்றாடியை இதில் சேர்த்தால் கணக்கு இன்னும் மாறும். 70 வாட் சீலிங் காற்றாடி அறையைக் குளிர்விப்பதில்லை. தோலின் வேர்வையை ஆவியாக்கி உடம்பை இரண்டு மூன்று டிகிரி குறைவாக உணரச் செய்கிறது. புதிய டிசி வகை 30 வாட்டில் அதைச் செய்யும். காற்றாடி சுழல ஏர்கோனை 26இல் வைத்தால், காற்றாடியின்றி 23, 24இல் வைத்த சுகம் கிடைக்கும். வைக்கும் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது இந்திய எரிசக்தித் திறன் அமைப்பின் மதிப்பீடு. 2020 ஜனவரி முதல் அங்கே நட்சத்திரக் குறியீட்டோடு விற்கப்படும் ஏர்கோன்கள் 24 டிகிரியில் தொடங்கும்படியே வர வேண்டும். மலேசிய அரசு அலுவலகங்களுக்கு 24 டிகிரிக்குக் குறைக்கக் கூடாது என்ற உத்தரவு 2011இலேயே வந்தது.

வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் ஐந்து நட்சத்திர ஒட்டி இருக்கிறதா என்று பார்ப்பது இப்போது பலருக்கும் பழகிவிட்டது. அதிகம் தெரியாதது வாயுவின் கதை. “கேஸ் குறைஞ்சிடுச்சு, டாப்-அப் பண்ணணும்” என்று சர்வீஸ் செய்ய வருபவர் சொல்வார், நாமும் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். ஏர்கோனில் வாயு தீர்ந்துபோகும் பொருளே இல்லை. மூடிய சுருளுக்குள் ஆண்டுக்கணக்கில் அதே வாயு சுற்ற வேண்டும். குறைந்தால் எங்கோ கசிகிறது. ஆர்-410ஏ என்ற குளிரூட்டி வாயு ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் 2,088 கிலோ கரியமில வாயு செய்யும் அளவுக்குப் புவியைச் சூடேற்றும். பழைய ஆர்-22க்கு அது 1,810. இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஆர்-32க்கு 675. ஒரு சிறிய ஏர்கோனில் இருக்கும் 700 கிராம் ஆர்-410ஏ முழுவதும் கசிந்தால் ஏறத்தாழ ஒன்றரை டன். மேலே சொன்ன ஓராண்டு மின்சாரக் கணக்கைவிட அதிகம். ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் உலக நாடுகள் உடன்பட்டன, மலேசியா 2020இல் அதை உறுதிப்படுத்தியது. இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் 2012இலேயே புரொப்பேன் வாயுவில் ஓடும் ஏர்கோன்களை விற்கத் தொடங்கியது. அந்த வாயுவின் புவிச்சூடாக்கும் திறன் மிகக் குறைவு. தீப்பற்றும் வாயு என்பதால் பொருத்துபவருக்குத் தனிப்பயிற்சி வேண்டும்.

கூரை சொந்தமில்லாதவர்கள் என்ன செய்வது? கிள்ளானிலும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் சுற்றுவட்டாரத்திலும் குறைந்த விலை அடுக்குமாடிகளில் வாழும் குடும்பங்களில் மேல்மாடிக்காரர்கள்தான் வெயிலை முழுதாகத் தாங்குகிறார்கள். கூரையோ பொதுச்சொத்து. தன் செலவில் ஒருவர் அதன்மேல் பஞ்சு பரப்ப முடியாது. ஏர்கோன் வாங்கவும் மின்கட்டணம் கட்டவும் சிரமப்படும் குடும்பங்களும் இவையே. நட்சத்திர ஒட்டி பெற்ற சாதனம் வாங்குவோருக்கு அரசு கழிவுத்தொகை வழங்கியிருக்கிறது. அதில் ஒரு பங்கையாவது இந்தக் கூரைகளுக்கு ஒதுக்கினால், ஒரே வேலையில் ஒரு மாடி முழுக்கப் பயன்பெறும். எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்திருக்கிறது. அதன் கவனம் பெரிய பயனீட்டாளர்களிடமும் கட்டடங்களிடமும் சாதனங்களிடமும் இருக்கிறது. ஏழை வீட்டுக் கூரை இன்னும் யார் பொறுப்பிலும் இல்லை.

ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் நம் தாமான்களில் வீடுகளுக்குச் சாயம் பூசுகிறோம், சிலர் புது ஏர்கோனும் மாட்டுகிறோம். அடுத்த முறை அந்தப் பணத்தை எடுத்து வைக்கும்போது, முதலில் கூரைக்கடியில் ஆள் ஏற்றிப் பாருங்கள். அங்கே தாளோ பஞ்சோ இல்லையென்றால், முதல் செலவு அதற்கு இருக்கட்டும். அடுத்தது கொசுவலைக்கும் காற்றாடிக்கும். அதற்குப் பிறகும் ஏர்கோன் தேவைப்பட்டால் வாங்குங்கள், முன்பு நினைத்ததைவிடச் சிறியதே போதுமானதாக இருக்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள், இவ்வாண்டு நிர்வாகக் குழுவின் பொதுக்கூட்டத்தில் கூரையைப் பற்றிய ஒரு தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள்.